நாற்பத்திரண்டுக்கு ஒரு ஜோடி

சகலை என்கிற உறவை யார் உண்டாக்கினார்களோ, அவர்கள் மேல் சுத்தக்காரருக்குத் தீராத கோபம் இருந்தது. அண்ணன் தம்பி என்றால் சண்டை போட்டுப் பாகம் பிரித்துக்கொண்டு போய்விடலாம். நண்பன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சகலையை என்ன செய்வது? ஒரே மாமியார் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டில் எத்தனை கரண்டி விழுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பல்லைக் காட்ட வேண்டும். போதாக்குறைக்கு அந்தச் சகலை அலுவலகத்திலும் அடுத்த மேசைக்கே வந்து உட்கார்ந்துவிட்டால்?

அப்படித்தான் ஆயிற்று. மக்காச்சோள ஆராய்ச்சி நிலையத்தில் சுத்தக்காரருக்குப் பதினாலு வருஷ சர்வீஸ் முடிந்திருந்தபோது, அவர் மனைவியின் தங்கை புருஷன் அங்கே மாற்றலாகி வந்தான். வேலையாட்கள் அவனைச் சின்னவர் என்றார்கள். இவரை முகத்துக்கு நேரே பெரியவர் என்றும், முதுகுக்குப் பின்னால் சுத்தக்காரர் என்றும் சொன்னார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒரு செடியைத் தொட்ட கையால் அடுத்த செடியைத் தொடமாட்டார். சட்டைப் பையில் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் எப்போதும் இருக்கும். அவர் பதிவேட்டில் அடித்துத் திருத்திய ஓர் எழுத்தைக்கூட யாரும் பார்த்ததில்லை. செய்கிற வேலையும் அப்படிப்பட்டதுதான். மக்காச்சோளத்துக்கு ஆண்பூ உச்சந்தலையில், பெண்பூ இடுப்பில். காற்றடித்தால் யார் மகரந்தம் யார் மேல் போய் விழும் என்று சொல்ல முடியாது. அவர் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டுகிறவர். ஆண்பூவுக்கு ஒரு காகித உறை, இளங்கதிருக்கு ஒரு காகித உறை. ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடியின் பட்டு இழைகள் மேல் தட்டிவிட்டு மூடிக் கட்டுவார். அடுத்த பருவத்தில் அந்த விதையை விதைத்து மறுபடி அதையே செய்வார். இப்படிப் பதினோரு வருஷம்.

வெளி ரத்தம் கலக்காமல் தனக்குள்ளேயே கட்டிக்கொண்டு போனால் எந்த வம்சமும் தேயும். தலைமுறைக்குத் தலைமுறை செடி குட்டையானது, வெளுத்தது, பாதி செத்தே போனது. மிஞ்சியதைத் தூய வழி என்பார்கள். வரிசையில் நின்றால் அச்சில் வார்த்தாற்போல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி நோஞ்சானாகவும் இருக்கும். ஆனால் அந்த நோஞ்சானை, ஒட்டும் உறவும் இல்லாத வேறொரு நோஞ்சானோடு சேர்த்தால், சில சமயம் பிள்ளை பயில்வானாகப் பிறக்கும். சில சமயம்தான். எந்த ஜோடி என்று ஜாதகம் பார்த்துச் சொல்ல முடியாது. சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுத்தக்காரரின் நோஞ்சானுக்கு எண் நாற்பத்திரண்டு. இடுப்புயரச் செடி, கட்டைவிரல் பருமனில் கதிர். குழந்தை இல்லாத மனிதர். அந்த வரிசைக்கு முன்னால் நின்று தினமும் ஒரு பத்து நிமிஷமாவது பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

சின்னவனிடமும் ஒரு தூய வழி இருந்தது. அதன் கதையைக் கேட்டபோதே இவருக்கு வயிறு எரிந்தது. எங்கேயோ மலைப்பக்கம் போனவன், சந்தையில் ஒருத்தி தோரணமாகக் கட்டி வைத்திருந்த சோளக்கதிர்களை அழகாயிருக்கிறதே என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டானாம். பட்டு இழை செம்பட்டை நிறமாக இருந்ததால் பெயரும் செம்பட்டை. ஆறே தலைமுறை கட்டினான். மூன்று வருஷத்தில் தூய வழி தயார். இவருடைய பதினோரு வருஷம் எங்கே, சந்தையில் வாங்கிய தோரணம் எங்கே!

வந்த ஆறு மாதத்தில் வயலில் வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகள் பெயரெல்லாம் அவனுக்கு மனப்பாடம். டீ வந்தால் முதல் கிளாஸ் அவனுக்கு. மாமியார் வீட்டிலும் அதே கதைதான்.

"சின்ன மாப்பிள்ளை வந்தா வீடே கலகலன்னு இருக்கு" என்பார் மாமியார். பிறகு இவர் பக்கம் திரும்பி, ஏதோ ஈடுகட்டுகிறவர்போல, "பெரிய மாப்பிள்ளை தங்கமானவர். இருக்கிற இடமே தெரியாது" என்பார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி தொடங்குவாள். "தம்பி எப்படிப் பேசுறார் பாத்தீங்களா? நீங்களும் வாயைத் தொறந்து நாலு வார்த்தை பேசினா என்ன, முத்தா உதிர்ந்துடும்?"

"உதிர்ந்தா பொறுக்கி உன் தங்கச்சிகிட்டயே குடு" என்பார் இவர். அதோடு அன்றையப் பேச்சு முடியும்.

அந்த வருஷம் நிலையத்து இயக்குநர் ஒரு திட்டம் போட்டார். கையிலிருக்கும் இருபது தூய வழிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, நூற்றுத்தொண்ணூறு ஜோடிகளின் பிள்ளைகளையும் வரிசை வரிசையாக விதைக்க வேண்டும். எந்த வரிசை யாருடையது என்று தெரிந்தால் கண் ஒருபக்கம் சாயும் என்பதால் வெறும் எண் மட்டும் நட்டார்கள். பெயர்ப் பட்டியல் இயக்குநரின் அலமாரிக்குள் போனது.

நாற்பதாம் நாளிலேயே நூற்றுப்பதினேழாம் வரிசை மற்றவற்றைவிட ஒரு முழம் உயரத்தில் நின்றது. அறுபதாம் நாள் சுத்தக்காரர் கையைத் தூக்கினால்தான் ஆண்பூ எட்டியது. கரும்பச்சை இலை, செடிக்கு இரண்டு கதிர், அளவெடுத்து நறுக்கிய மாதிரி ஒரே மட்டம். சுத்தக்காரருக்கு அதன்மேல் பிரியம் வந்துவிட்டது. மற்றவர்கள் போன பிறகு தனியாக வந்து தண்டைத் தட்டிப் பார்ப்பார். 'நாற்பத்திரண்டாக இருக்கக்கூடாதா?' என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வார்.

அறுவடை முடிந்து பட்டியலைப் பிரித்தார்கள். வேண்டுதல் பலித்திருந்தது, பாதி மட்டும்.

"நூத்திப்பதினேழு. செம்பட்டை, நாப்பத்திரெண்டு" என்று படித்தார் இயக்குநர்.

எந்தச் செடியின் கதிரில் விதை விளைகிறதோ அது தாய். அதன் பெயர் முதலில். மகரந்தம் கொடுத்தது தகப்பன், பெயர் பின்னால். அது உலகம் முழுக்க உள்ள வழக்கம், சுத்தக்காரரே நூறு தடவை அப்படி எழுதியிருக்கிறார். அன்றைக்கு மட்டும் அது அநியாயமாகப் பட்டது.

சின்னவன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "சகலை! நம்ம பிள்ளைங்க! உங்க நாப்பத்திரெண்டு இல்லன்னா என் செம்பட்டை வெறும் சந்தைச் சரக்குதான்!"

அவன் மனசாரச் சொன்னான். அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. பொய்யாகச் சொல்லியிருந்தால் அவனை அற்பன் என்று நினைத்துக்கொண்டாவது நிம்மதியாக இருந்திருக்கலாம்.

பட்டியலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோய் வரி வரியாகப் பார்த்தார். செம்பட்டை எவரோடு சேர்ந்தாலும் சுமாராகவாவது தேறியிருந்தது; யாரோடும் ஒத்துப்போவதில் அதன் சொந்தக்காரனைப் போலவே. நாற்பத்திரண்டோ, செம்பட்டையைத் தவிர வேறு பதினெட்டுப் பேரோடும் சேர்ந்து ஒன்றுக்கும் உதவவில்லை. காரணம் ரகசியம் இல்லை. நிலையத்தின் பழைய தூய வழிகள் எல்லாமே நாட்டு ரகங்கள் இரண்டிலிருந்து பிரிந்தவை, பங்காளிகள். பங்காளிக்குள் என்ன வீரியம் வரும்?

இயக்குநர் கூட்டத்தில் அதையே சொன்னார். "நம்மகிட்ட இருந்ததெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. வெளியில இருந்து ஒண்ணு வந்த பிறகுதான் வீடு நிமிர்ந்துச்சு."

சோளத்தைப் பற்றித்தான் சொன்னார். மாமியார் வீட்டைப் பற்றியே சொன்ன மாதிரி இவர் காதில் விழுந்தது.

சும்மா இருக்க முடியாமல், மாற்றிக் கட்டிப் பார்க்கலாமே என்று எழுதிக் கொடுத்தார். நாற்பத்திரண்டைத் தாயாக வைப்போம், செம்பட்டை தகப்பனாக இருக்கட்டும். இயக்குநர் சரி என்றார். கட்டினார்கள். பிள்ளைகள் அதே பயில்வான்கள்தான். ஆனால் செம்பட்டைக் கதிரில் முந்நூறு விதை கிடைத்த இடத்தில், நாற்பத்திரண்டின் கட்டைவிரல் கதிரில் அறுபதுதான் தேறியது.

"விதை வேணுமே சார், உழவனுக்குக் குடுக்க" என்றார் இயக்குநர், வலிக்காத மாதிரி. செம்பட்டையே தாய் என்று முடிவானது.

அடுத்த பருவத்தில் விதை உற்பத்தி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வேறு சோளக்காற்று படாத அரை ஏக்கர். நாலு வரிசை செம்பட்டை, இரண்டு வரிசை நாற்பத்திரண்டு, மறுபடி நாலு, மறுபடி இரண்டு. பூக்கிற பதினைந்து நாளும் தாய் வரிசைகளில் ஒரு வேலை உண்டு. செம்பட்டையின் உச்சியில் ஆண்பூ தலைநீட்டியதும், விரிவதற்குள் பிடுங்கிவிட வேண்டும். தினமும் காலையில் வரிசை வரிசையாகப் போக வேண்டும். விட்டால் செம்பட்டையின் மகரந்தம் செம்பட்டை மேலேயே விழும். விளைகிற விதை பயில்வான் ஆகாது, பழைய நோஞ்சானாகவே முளைக்கும். விதையைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் மஞ்சள்தான்.

பூப்புத் தொடங்கி ஐந்தாம் நாள் சின்னவனுக்கு போன் வந்தது. ஏழு மாத கர்ப்பிணியான அவன் மனைவிக்கு ரத்தப்போக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அவன் முகம் வெளுத்துப்போய் வந்து நின்றான்.

"சகலை, உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். வேற யாராவதா இருந்தா எனக்கு அங்க நிம்மதி இருக்காது."

"போ, போ. வயலை நான் பாத்துக்கறேன்" என்றார் சுத்தக்காரர். அப்போது அதை உண்மையாகத்தான் சொன்னார்.

முதல் நாள் அவரே நின்று ஒரு பூ விடாமல் பிடுங்க வைத்தார். மத்தியானம் இயக்குநர் வெளியூர் விருந்தாளிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் தாண்டி வந்தார்.

"இதுதான் எங்க சின்னவரோட ரகம்" என்று கையை நீட்டிக் காட்டினார். விருந்தாளிகளில் ஒருவர் இவரைப் பார்த்துக் கைகொடுக்க வந்தார். "இவர் இல்லீங்க. அவர் லீவுல போயிருக்கார். இவர் பாத்துக்கறார்."

பாத்துக்கறார். நீட்டிய கை பாதியில் தயங்கி, மரியாதைக்காக ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போனது.

மறுநாள் காலை மேஸ்திரியம்மா பன்னிரண்டு பெண்களோடு வாய்க்கால் பாலத்தில் காத்திருந்தாள். இருபது வருஷமாக அந்த நிலையத்தில் ஆள் பிடித்து வேலை வாங்குகிறவள்.

"இன்னிக்கு எல்லாரும் என் வயலுக்குப் போங்க. களை மண்டிக் கிடக்கு" என்றார் சுத்தக்காரர்.

"இங்க பூ விரியுற நேரம் சார். நேத்து அடிச்ச வெயிலுக்கு இன்னிக்கு நூறு தலையாவது நீட்டியிருக்கும்."

"காலையில பாத்துட்டேன். ஒண்ணும் வரல. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவர் பார்க்கவில்லை. மேஸ்திரியம்மா ஒரு கணம் அவரையே பார்த்தாள். "நீங்க சொன்னா சரிதான்" என்று பெண்களைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அடுத்த நாளும் களைதான். இரண்டு நாள் மாலையிலும் பதிவேட்டைத் திறந்து, 'ஆண்பூக்கள் முழுமையாக நீக்கப்பட்டன' என்று முத்துமுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நாலாம் நாள் தனியாகப் பாலம் தாண்டினார். இளங்காற்று. தாய் வரிசைகளின் உச்சியில் அங்கங்கே பூ விரிந்து, மஞ்சள் தூள் புகையாகப் பறந்து கீழே செம்பட்டை நூல்களின் மேல் படிந்துகொண்டிருந்தது. தேனீக்கள் மொய்த்தன. அவர் திடீரென்று ஓடத் தொடங்கினார். வரிசைக்கு வரிசை ஓடி எட்டியதையெல்லாம் பிடுங்கி எறிந்தார். கை, சட்டை, கண்ணாடி எல்லாம் தூள். எல்லாம் முடிந்து வரப்பில் உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது. சந்தோஷம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை என்பதுதான் நிஜம்.

ஐந்தாம் நாள் சின்னவன் திரும்பினான். தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தில்லை. இவருக்கென்று ஒரு பிஸ்கட் டப்பா வாங்கி வந்திருந்தான். "நீங்க இருந்ததால அங்க நான் தைரியமா இருந்தேன், சகலை." சுத்தக்காரர் டப்பாவை மேசை அடியில் வைத்தார். கடைசிவரை அதைத் திறக்கவில்லை.

விதை நன்றாக விளைந்தது. உழவர்களுக்குக் கொடுக்கும் முன் தூய்மைச் சோதனைக்காக நானூறு விதையை எண்ணி விதைத்தார்கள். ஒரு மாதத்தில் வயல் பல்லுப்போன வாய்மாதிரி ஆகிவிட்டது. பயில்வான்களுக்கு நடுவில் அங்கங்கே குள்ளச் செடிகள். பூக்கும்வரை பொறுத்துப் பார்த்தார்கள். குள்ளர்களின் கதிரில் எல்லாம் செம்பட்டை நிற இழை. எண்பத்திமூன்று. ஐந்துக்கு ஒன்று.

இயக்குநர் அறையில் பதிவேட்டைப் புரட்டினார்கள். சுத்தக்காரர் எழுதிய பக்கங்களில் ஒரு குறை இல்லை. அவர் எழுதினால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதுமில்லை.

சின்னவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "அப்ப நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடிதான் நடந்திருக்கணும் சார். வீட்டு ஞாபகத்துல கவனிக்காம விட்டிருக்கேன். என் தப்புதான்."

அந்த வருஷ வெளியீடு ரத்தானது. வேறொரு நிலையத்தின் ரகம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாற்பத்திரண்டின் பெயரும் அதோடு சேர்ந்துதான் கிடப்பில் போனது என்பது சுத்தக்காரருக்குத் தெரியாமல் இல்லை. தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிறவன் கதைதான். ஆனால் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சின்னவனுக்குச் சகுனத்தடை ஆகவேயில்லை.

இயக்குநர் அவன் தோளைத் தட்டி, "தப்பை இப்படி நேருக்கு நேர் ஒத்துக்கற ஆளை நான் பாத்ததில்ல" என்றார். வயல் பெண்கள் அவனைச் சுற்றி நின்று, "விடுங்க சின்னவரே, அடுத்த பருவம் நாங்க இருக்கோம்" என்றார்கள். டீயோடு இப்போது வடையும் வந்தது. தோற்றபோதும் அவனுக்குத்தான் மாலை. வீட்டில் மனைவி கண் கலங்கினாள். "பாவம் தம்பி. பொண்டாட்டி உசுருக்குப் போராடுறப்ப நடந்ததுக்கு அவர் என்ன பண்ணுவார்? அதையும் என் தப்புன்னு சொல்ல ஒரு மனசு வேணும். உங்களுக்கு வருமா?"

உங்களுக்கு வருமா. அந்த இரண்டு வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. தான் செய்த தப்புக்கான பெருமையை இன்னொருவன் அனுபவிக்கிறான் என்று யாராவது பொறாமைப்பட்டிருப்பார்களா? சுத்தக்காரர் பட்டார்.

சின்னவனின் கைக்குழந்தையைப் பார்க்க மாமியார் வீட்டில் எல்லாரும் கூடிய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டில் அது வெடித்தது. மாமியார் சின்னவன் தட்டில் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டே, "மனசைத் தளர விடாதீங்க மாப்பிள்ளை" என்றார்.

"அது அவன் தப்பு இல்ல" என்றார் சுத்தக்காரர். எல்லாரும் திரும்பினார்கள். "நான் செஞ்சது. அவன் இல்லாதப்ப நான்தான் பூவை விட்டேன்."

மாமியாரின் கண்ணில் நீர் திரண்டது. "தம்பி மேல வந்த பழியை நீங்க ஏத்துக்கறீங்களா, மாப்பிள்ளை?"

சின்னவன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் சகலை. என் சுமை. நீங்க தூக்க வேணாம். உங்க பதிவேட்டை நான் பாத்தேனே. உங்களுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியல."

இல்லை, நிஜமாகத்தான் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது மனைவி அவரைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒருமுறையோ இருமுறையோ பார்த்த பார்வை. எடுத்த வாயை மூடிக்கொண்டார். மாமியார் அவர் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டார். அந்தச் சாப்பாடு அவருக்கு ருசித்தது. அதைப் பிறகு நினைத்துத்தான் அவர் அதிகம் கூசினார்.

இந்தச் செய்தி எப்படியோ நிலையத்துக்கும் வந்துசேர்ந்தது. மூன்றாம் நாள் மேஸ்திரியம்மா ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தாள். ஆள் வருகை நோட்டு. எந்த நாள், எத்தனை பேர், எந்த வயல் என்று அவள் கையாலேயே எழுதியது.

"சின்னவர் மேல பழி வந்தப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன் சார். படிச்சவங்க விஷயம், நமக்கென்னன்னு. அது என் தப்பு. இப்ப நீங்க தியாகி ஆயிட்டீங்க பாருங்க, அதுதான் என்னால தாங்க முடியல. நீங்களே குடுக்கறீங்களா, நான் குடுக்கட்டுமா?"

சுத்தக்காரர் நோட்டை எடுத்துக்கொண்டார். முதலில் இயக்குநரிடம் போகவில்லை. வாய்க்கால் ஓரம் நின்றிருந்த சின்னவனிடம் போய், அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டினார். இரண்டு நாளுக்கும் ஒரே வரி: பெரியவர் வயல், களை, பன்னிரண்டு பேர்.

சின்னவன் படித்தான். தேதியைப் பார்த்தான். மறுபடி படித்தான். சிரிப்பே இல்லாமல் அவன் முகத்தை இவர் அதுவரை பார்த்ததில்லை. அது வேறு யாருடைய முகமோ போல இருந்தது.

"ஏன்?" என்றான்.

"தாங்கல" என்றார் இவர். அதைவிட உண்மையான வார்த்தை அவரிடம் இல்லை.

"அந்த ரெண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? இங்கயாவது ஒண்ணு பத்திரமா இருக்குன்னு." நோட்டை மூடி இவர் கையில் வைத்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாப்பத்திரெண்டோட பேரை முதல்ல போட்டிருப்பேனே. எனக்கு அது ஒரு பொருட்டே இல்ல."

ஒரு பொருட்டே இல்லை. அவ்வளவு குற்ற உணர்ச்சிக்கு நடுவிலும் அது சுருக்கென்று குத்தியது. இவர் எதற்காக உயிரை விட்டாரோ, அது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

விசாரணை நடந்தது. வயல் வேலையிலிருந்து எடுத்து, விதைக் கிடங்கில் போட்டார்கள். ஜன்னல் இல்லாத குளிர் அறை, இரும்பு அலமாரிகள், டப்பாக்கள், சீட்டுகள். மாமியார் வீட்டு அழைப்பு நின்றது. மனைவி ஒரு மாதம் பேசவில்லை. பேசத் தொடங்கியபோதும் தம்பியோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டாள். இத்தனை வருஷம் எதை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாரோ அது நின்றது. ஒப்பிட இவரிடம் இனி ஒன்றும் இல்லை என்பதுபோல அது நின்றது.

விதைப்புக்கு முந்தைய வாரம் சின்னவன் கிடங்குக்கு வந்தான். சீட்டை நீட்டினான். "நாப்பத்திரெண்டு. ஒரு கிலோ வேணும், சார்."

சார். சகலை போய் சார் வந்திருந்தது.

"நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்றார் இவர். அன்று முழுக்க உட்கார்ந்து, மூன்று கிலோ விதையைத் தட்டில் கொட்டி, சொத்தை, சுருங்கல், கீறல் எல்லாம் தள்ளி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கிலோ எடுத்தார். யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அந்தப் பருவம் மேஸ்திரியம்மா ஒரு பூகூட விடவில்லை. சோதனை வயலில் நானூறும் பயில்வான்கள். மறு வருஷம் ரகம் வெளிவந்தது. வெளியீட்டுத் தாள் கிடங்குக்கும் ஒரு பிரதி வந்தபோது சுத்தக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். உருவாக்கியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர். இரண்டாவது அவருடையது.

தாளை எடுத்துக்கொண்டு சின்னவன் மேசைக்குப் போனார். ஒன்றரை வருஷத்தில் முதல் முறை. "என் பேரை நீங்க எடுத்திருக்கலாம்."

"எடுக்கணும்னு எனக்கும் கை அரிச்சுது" என்றான் சின்னவன், தலை நிமிராமல். "தகப்பன் நாப்பத்திரெண்டு, அதை உருவாக்கினது நீங்க. அதுதான் நடந்தது. தாள்ல பொய் எழுத எனக்கு இஷ்டம் இல்ல."

அவர் கொஞ்ச நேரம் நின்றார். உட்காரச் சொல்வானோ என்று பார்த்தார். அவன் சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

அதற்கடுத்த பருவத்தில் கிடங்குப் பையன்களின் பேச்சில் ஒரு சேதி அடிபட்டது. தூரத்து நிலையம் ஒன்றிலிருந்து வரவழைத்த தூய வழி ஒன்றைச் சின்னவர் செம்பட்டையோடு கட்டி, அதன் பிள்ளைகளை விதைத்திருக்கிறார். நாற்பத்திரண்டையே மிஞ்சிவிடும் என்கிறார்கள். சுத்தக்காரருக்குக் கையிலிருந்த டப்பா நழுவப் பார்த்தது. நாற்பத்திரண்டுக்குச் சக்களத்தி!

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து, எல்லாரும் போகும்வரை காத்திருந்துவிட்டு வயலுக்குப் போனார். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்றன. புதியது நல்ல பச்சை, நல்ல தண்டு. குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்பத்திரண்டின் பிள்ளைகள் அதைவிட ஒரு சாண் உயரம். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், வரிசையின் மறுகோடிக்குப் போயும் பார்த்தார். ஒரு சாண்தான், சந்தேகமே இல்லை.

அவருக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தது. கூடவே, இன்னும் இதுதானா நான், என்று ஒரு கூச்சமும் வந்தது. இரண்டில் சந்தோஷம்தான் கொஞ்சம் அதிகம். வரப்பில் யாரோ வருகிற சத்தம் கேட்டதும், ஏதோ விதைச் சீட்டு தேடி வந்தவர்போலச் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டே கிடங்கைப் பார்த்து நடந்தார்.